பதினொரு வீட்டுக்கு ஒரு நம்பர்

ஜன்னல் ஓரத்தில் நீங்களே உட்காருங்கள் அக்கா. எனக்கு இந்த வழி மனப்பாடம். அந்தச் சால்வைப் பையை மேலே வைக்காதீர்கள், திருப்பத்தில் விழுந்துவிடும். மடியிலேயே இருக்கட்டும்.

எருக்கம்பாறை போக நாற்பது நிமிஷம். அதற்குள் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் சிரிப்பு கடைசியில்தான் வரும். நடுவில் அவசரப்படுத்தினால் மோட்டூரிலேயே இறங்கிக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

என் பெயர் கோகிலவாணி. பிளஸ் ஒன். சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வருகிறேன். படிப்பு சுமார், குரல் பிரமாதம். நம்பவில்லையா? இதோ, நம் கண்டக்டர். 'உள்ள போ, உள்ள போ, உள்ள என்ன புலியா உக்காந்திருக்குது.' பாருங்கள், முன்னால் நிற்கிற அம்மா நகர்ந்துவிட்டார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்கள் எச்.எம். குரலில் ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று, 'ஏய் அந்தோணி, பெல் அடிப்பா' என்றேன். மூன்று மணிக்கே பள்ளிக்கூடம் விட்டாயிற்று. எச்.எம்.மும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், அதுதான் வேடிக்கை. நாய் மட்டும் எனக்கு வராது. ஆட்கள் ஏமாறுவார்கள், நாய் ஏமாறாது.

இன்னொரு குரல் செய்கிறேன், யாரென்று சொல்லுங்கள். 'சரிங்க ஐயா... ரொம்ப நல்லதுங்க ஐயா... அடுத்த கேள்விக்குப் போகலாமாங்க?' தெரியவில்லையா? கஸ்டமர் கேர் பெண்ணா? கிட்டத்தில் வந்துவிட்டீர்கள். விடுங்கள், பிறகு சொல்கிறேன்.

மாரப்பன் ஐயாவையா பார்க்கப் போகிறீர்கள்? தெரியுமே, எங்கள் ஊர்தானே. நன்றாகப் பேசுவார். சால்வை அவருக்கா? போட்டோவும் எடுப்பீர்களா? புத்தகத்தின் அட்டையில் அவர் சொன்னதையே போட்டிருக்கிறீர்களா, காட்டுங்கள். 'இந்த ஆராய்ச்சி வந்த பொறவுதான் நாங்களும் மனுசங்கன்னு எங்களுக்கே தெரிஞ்சுது.' அடடா. பெரிய எழுத்தில், கலரில். இந்தப் போட்டோ எடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? எருக்கம்பாறை ஃபைலை மூடிவிடுவீர்களா? நல்லது அக்கா. அலைந்ததற்கு ஒரு முடிவு வேண்டுமே.

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர்த் தண்ணீர் பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். குடிக்கக் குடிக்கப் பல்லில் கறை ஏறும். பிறகு மூட்டு வலிக்கும். பிறகு எலும்பு இறுகிக்கொள்ளும். என் பல்லைப் பாருங்கள். ஆங், அதனால்தான் கையை வைத்து மறைத்துக்கொண்டு சிரிப்பேன், வெட்கம் என்று நினைக்காதீர்கள். ஃப்ளோரைடு. இந்தச் சொல்லை எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைகூடத் தப்பில்லாமல் சொல்லும்.

எங்கள் பெரியப்பாவுக்குக் கழுத்து இறுகிவிட்டது. முன்னால் வளைந்து அப்படியே நின்றுபோயிற்று. எப்போதும் தரையைத்தான் பார்ப்பார். யார் வந்தாலும் செருப்பைப் பார்த்துத்தான் ஆள் சொல்வார். 'வா குப்பாயி, வார் அந்துபோச்சாட்டம் இருக்குது' என்பார். யுனிவர்சிட்டி புரொபசர் முதல் தடவை வந்தபோதும் ஷூவைப் பார்த்துத்தான் வணக்கம் சொன்னார். 'பெரிய எடத்து ஆளுங்களா, சேறு படாத ஷூ' என்றார். அடுத்த வாரம் புரொபசர் ரப்பர் செருப்பில் வந்தார். நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லவேண்டும்.

புரொபசர் குரல் கேட்கிறீர்களா? 'ஆக்சுவலா, நீங்க எங்க ஆராய்ச்சிக்குப் பொருள் இல்ல. நீங்கதான் ஆராய்ச்சியாளர்கள். நாங்க உங்ககிட்டக் கத்துக்க வந்திருக்கோம்.' கூட்டத்தில் பெரியப்பா தரையைப் பார்த்தபடியே, 'அப்பப் பரிச்சை யாரு எழுதறதுங்க' என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். யாருக்குத் தெரியும், அதுதான் சரியான கேள்வி என்று.

அவருக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். 'சமூக ஆய்வாளர்' என்று போட்டு, போட்டோ ஒட்டி, நீல நாடாவில். கழுத்து வளைந்திருப்பதால் அட்டை நெஞ்சில் படாது, காற்றில் தொங்கி ஆடும். ரேஷன் கடைக்கும் அதோடுதான் போவார். சாவு வீட்டுக்கும் அதோடுதான்.

எங்கள் ஊரிலும் காட்டிலும் சேர்த்து நாற்பத்தொரு பம்பு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் பிடித்து, சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அவர்கள் கொடுத்த மருந்தில் நாலு சொட்டு விடவேண்டும். ரோஸாக நின்றால் குடிக்கலாம். மஞ்சளாகத் திரும்பினால் கூடாது. என்ன கலர் வருகிறதோ அதே கலரில் பம்புக்குப் பெயின்ட். பெரியப்பா சொட்டு விடுவார், நான் எழுதுவேன். 'இந்த வேலைக்கின்னே வளைஞ்ச கழுத்துடி இது, நிமிந்தவனுக்கு இது தோதுப்படாது' என்பார். மாசம் ஒரு தடவை சுற்று. மழை பெய்தால் மாறும், தண்ணீர் கீழே போனால் மாறும், மாறினால் பெயின்டும் மாறும். முதல் சுற்றில் முப்பத்தெட்டு மஞ்சள், மூன்று ரோஸ். அந்த மூன்றில் ஒன்று பள்ளிக்கூட பம்பு.

இரண்டு வருஷம் அக்கா. பொம்பளைகள் மஞ்சள் பம்பைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் நடந்து ரோஸ் பம்புக்குப் போனார்கள். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட, 'உங்க தெருப் பம்பு என்ன கலரு' என்று விசாரித்தார்கள். இதையெல்லாம் எழுதிக்கொள்கிறீர்களா? எழுதுங்கள், எழுதுங்கள். புத்தக அட்டைக்குப் பின்பக்கம் இடம் இருக்கிறது பாருங்கள்.

அப்புறம் ஒருநாள் கடைசிக் கூட்டம். புரொபசர்: 'ஆக்சுவலா, இது முதல் கட்டம். ரெண்டாம் கட்டத்துல வடிகட்டற மெசின் வரும். அதுவரைக்கும் மருந்தும் வரும். ஆனா நடுவுல ஒரு மதிப்பீடு. இந்த ஆராய்ச்சியால உங்களுக்கு என்ன பிரயோஜனம்னு நீங்க மார்க் போடணும். அதுக்குத் தனியா ஆளுங்க போன் பண்ணுவாங்க. நாங்க அதுல தலையிட மாட்டோம்.' பெரியப்பா இரண்டு நாள் சிரித்தார். 'யுனிவர்சிட்டிக்கே நாம மார்க் போடறமாம்டி. நல்ல மார்க்கா போட்டாத்தான் மெசினு வரும், பாத்துக்க.'

போன் நம்பர் எழுதினார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேரிடம் போன் கிடையாது. இருந்தாலும் சார்ஜ் கிடையாது. பெரியப்பா சொன்னார், 'போன் இல்லாதவங்களுக்கெல்லாம் என் நம்பரப் போடுங்க சாமி. நான் போயிக் கூட்டியாறேன்.' இது புதிதல்ல. கேஸ் சிலிண்டருக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாணச் சேதிக்கு, எதற்கும் அவர் நம்பர்தான். போன் வந்தால் அணைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே நடந்து, அந்த வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவார். பதினொரு வீட்டுக்கு ஒரு நம்பர். உங்கள் ஊரில் அப்படி இல்லையா? ஆளுக்கொன்றா? பிறகு எப்படி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவீர்கள்?

மோட்டூர் வந்துவிட்டது. அதோ, டீக்கடைக்குப் பின்னால் நீல ஷெட் தெரிகிறதா? மெஷின் அதற்குள்தான். குடத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினால் தண்ணீர் வரும். மோட்டூர்க்காரிகள் எவ்வளவு நேரான கழுத்தோடு நிற்கிறார்கள் பாருங்கள். இவர்களுக்கு வந்தது எங்களுக்கு ஏன் வரவில்லை? அதுதான் சிரிப்பு. இருங்கள். வருகிறது.

ஆடி மாசம் பள்ளிக்கூட பம்பில் சாம்பிள் பிடிக்கப் போன பெரியப்பா பாசியில் வழுக்கினார். இடுப்பு எலும்பு. பதினெட்டாம் நாள் போய்விட்டார். படுக்க வைத்தபோதும் கழுத்து நேராகவில்லை. தலைக்கு அடியில் இரண்டு தலையணை வைக்க வேண்டியிருந்தது, தூங்காமல் காலைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. அட்டையைக் கழற்றி வீட்டு ஆணியில் மாட்டினார்கள். போன் எனக்கு வந்தது.

ஐப்பசியில் நல்ல மழை. பள்ளிக்கூடம் லீவு. வீட்டில் நான் மட்டும். போன் அடித்தது. ஒரு பெண். 'வணக்கம்ங்க, நாங்க மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து பேசறோம். பேசறது குப்பாயி அம்மாங்களா?'

குப்பாயி அக்கா நாலு வீடு தள்ளி. பெரியப்பா இருந்திருந்தால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருப்பார். எனக்கு மழையில் இறங்கச் சோம்பல். அதோடு, குரல் இருக்கிறதே கையில். 'ஆமாங்க, குப்பாயிதானுங்க. சொல்லுங்க சாமி, அடுப்புல சோறு கெடக்குது.'

ஐந்து கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க். ஆய்வில் உங்களுக்குப் பங்கு இருந்ததா? 'பத்துங்க.' உங்கள் அறிவு கூடியதா? 'பத்துங்க, அதுக்கு மேல இருந்தாலும் போட்டுக்கங்க.' இப்போது பிரச்சினையை நீங்களே சமாளிக்க முடியுமா? 'முடியாமங்க? பத்து.'

போனை வைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அதே பெண். 'பேசறது சின்ராசுங்களா?' நம்பரைப் பார்க்கவே மாட்டாளோ என்று யோசித்தேன். கம்ப்யூட்டரே நம்பரைப் போட்டுவிடுமாமே, அவள் பெயரை மட்டும் படிப்பாளாம். உடனே சின்ராசு ஆனேன், டிராக்டர் ஓட்டுகிற சின்ராசு, தொண்டை கட்டின குரல். அப்புறம் காது கேட்காத முனியன். 'எத்தன பத்து? பத்துப் பத்தா?' அப்புறம் புதுசாகக் கல்யாணமான தேவகி. 'அவரக் கேட்டுச் சொல்றனுங்க... பத்துன்னு சொல்லச் சொல்றாரு.' அப்புறம் குடித்திருக்கிற கெஞ்சன், அவன் பாட்டே பாடினான், அவள் சிரித்துவிட்டாள். இரண்டு நாளில் பத்துப் பேர். பத்துப் பேரும் பத்து.

ஏன் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? பேனா தீர்ந்துவிட்டதா? என்னிடம் இருக்கிறது, தரட்டுமா?

ஏன் எல்லாருக்கும் பத்து என்றா கேட்கிறீர்கள்? வேறு எத்தனை போடுவது? எங்கள் பள்ளிக்கூடத்தில் முழு மார்க் வாங்கினவளைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். சைபர் வாங்கினவனுக்குப் பரிசு கொடுத்து எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? மோட்டூரில் கொடுத்தார்கள். மோட்டூர்க்காரர்கள் போனிலேயே திட்டினார்களாம். 'ரெண்டு வருசமா பாட்டல்ல தண்ணி புடிச்சுக்கிட்டுப் போறீங்க, என்னத்தக் கிழிச்சீங்க? ஒண்ணு போட்டுக்க, போ.' திட்டினவனுக்கு மெஷின்.

எங்களுக்கு லெட்டர் வந்தது. பஞ்சாயத்துத் தலைவர் ஒலிபெருக்கியில் படித்தார். 'தங்கள் கிராமம் அனைத்து அளவுகோல்களிலும் முழு மதிப்பெண் பெற்றுத் தன்னிறைவு அடைந்துள்ளதால், இரண்டாம் கட்ட உதவிகள் தேவையுள்ள பிற கிராமங்களுக்கு வழங்கப்படுகின்றன என்பதை மகிழ்ச்சியுடன்...' முழு மதிப்பெண் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். மீதியை யார் கேட்டார்கள்? குப்பாயி அக்கா லெட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். மார்க் போட்டது தான்தான் என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த மாசம் ஒரு வேன் வந்தது, மெஷினை ஏற்றிக்கொண்டு. எங்கள் ஆட்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். தலைவர் மாலை வாங்கி வைத்திருந்தார். டிரைவர் கண்ணாடியை இறக்கி, 'அண்ணே, மோட்டூருக்கு வழி தப்பிட்டமுங்க, எப்படிப் போகணும்?' என்றார். தலைவர் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான்தான் வழி சொன்னேன். திரும்பி, வேப்பமரத்துக்கிட்ட சோத்தாங்கைப் பக்கம். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் அம்மா என்னை அறைந்தாள்.

மருந்து வருவதும் நின்றது. தன்னிறைவு அடைந்தவர்களுக்கு மருந்து எதற்கு? பெரியப்பாவின் கடைசிப் பாட்டிலில் எட்டுச் சொட்டு மிச்சம். வைத்திருந்தேன். இரண்டு கோடை போய்விட்டது, போர்வெல் தண்ணீர் எல்லாம் கீழே கீழே போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட பம்பில் பிடித்து நாலு சொட்டு விட்டேன். மஞ்சள். சொட்டுக் கணக்கு தப்பாகிவிட்டதோ என்று குழாயைக் கழுவி மறுபடி நாலு சொட்டு. மஞ்சள். பாட்டில் காலி.

ஓடிப்போய்க் குப்பாயி அக்காவிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, 'இது யாரு கொரலுடி?' என்றாள். எச்.எம்.மிடம் சொன்னேன். 'மூணு மணி பெல்லு அடிக்க வெச்சவ நீதானே' என்றார். சரி, நானே மஞ்சள் பெயின்ட் வாங்கி அடித்தேன். மறுநாள் அந்தோணி அதைச் சுரண்டி, ரோஸை மேலே பூசிவிட்டார். குறும்பாம். ஆக பம்பு ரோஸ்தான். தண்ணீர் மஞ்சள். மத்தியானச் சோற்றுக்கு நூற்றிருபது பிள்ளைகள் அதில்தான் டம்ளரை நீட்டுகிறார்கள். இன்றைக்கு நீங்கள் போட்டோ எடுத்து ஃபைலை மூடிவிட்டால், அப்புறம் நாங்கள் யாரிடம் மருந்து கேட்பது?

பத்துக் குரலில் பொய் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். என் குரலில் ஒரு நிஜம் சொன்னேன், சுரண்டிவிட்டார்கள். என்னைச் சொல்லாதீர்கள் அக்கா. நான் குரல்தான் கொடுத்தேன். கூட்டிப் பார்த்துத் தீர்ந்தது என்று எழுதினது யார்? ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆள், பஸ் ஏறி வந்து பம்பை அடித்துப் பார்த்திருந்தால் போதுமே.

என்ன சொல்கிறீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள், பஸ் சத்தத்தில் கேட்கவில்லை. அந்தப் பத்துப் பேர் எப்படியோ போகட்டும், ஆனால் மாரப்பன் ஐயாவோடு நீங்களே இருபது நிமிஷம் பேசினீர்களா? பேசும்போது அவர் அழுதாரா? அதை யாராலும் நடிக்க முடியாது என்கிறீர்களா?

சரிதான். நடிக்க முடியாது.

பதினொன்றாவது பெயரை அந்தப் பெண் படித்தபோது, 'அவர் இல்லைங்க' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் குரலை நான் அதுவரை செய்ததே இல்லை அக்கா, உயிரோடு இருந்தபோதுகூட. எல்லாரையும் செய்வேன், அவரை மட்டும் செய்ததில்லை. அது தானாக வந்தது. நெஞ்சுக்குள் தலையைக் குனிந்துகொண்டால்தான் வந்தது. வந்ததை நிறுத்த மனசில்லை, பேசிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் அவளும் மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அன்றைக்கு ஜலதோஷம்.

நம்பவில்லையென்றால் எதற்குத் தகராறு? உங்கள் லிஸ்டில் நம்பர் இருக்கிறதே. கம்ப்யூட்டர் போடவேண்டாம், நீங்களே விரலால் அமுக்குங்கள். வந்துகொண்டிருக்கிறேன் ஐயா என்று சொல்லுங்கள். பக்கத்து ஊர் தாண்டிவிட்டேன், சால்வை கொண்டுவருகிறேன் என்று சொல்லுங்கள். அந்த 'அடுத்த கேள்விக்குப் போகலாமாங்க' குரல் யாருடையது என்று கேட்டேனே, உங்களுக்குத் தெரியாதது தப்பில்லை. தன் குரல் யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் 'எருக்கம்பாறை வந்தா சொல்லுங்க' என்று கண்டக்டரிடம் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அமுக்கினீர்களா? ரிங் போகிறதா?

பயப்படாதீர்கள், என் பைக்குள் அடிப்பது பழைய பட்டன் போன். சத்தம் கொஞ்சம் அதிகம். கையை எடுங்கள் அக்கா, ஜிப்பைத் திறக்கிறேன். சிரிப்பு இங்கேதான் என்று சொன்னேன் அல்லவா. நான் குனிந்துகொள்கிறேன்.

'அலோ... ஆமா கண்ணு, மாரப்பந்தான் பேசறன். நிமிந்து பாத்துப் பேச முடியாது, கோவிச்சுக்காத. செருப்பு மட்டும் தெரியுது, புதுசாட்டம் இருக்குது. ரெண்டு காதுலயும் கேக்குதா? ஏன் கண்ணு, போனக் காதுலருந்து எடுக்காமயே என்னப் பாக்கற. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கிச் சொன்ன மார்க்க இப்ப மாத்திக்கலாமா?'